மூன்று படி, பதினெட்டடி சரிவு

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். சீசன் கூட்டம்; குற்றாலத்திலிருந்து நின்றுகொண்டே பயணம். தென்காசி நகராட்சி ஆபீஸ் சேர்ந்தபோது பத்தரை. செருப்பு நனைந்துவிட்டது.

பழைய வீடுகளுக்கு முகப்பு விதிகள் வந்த பிறகு இது ஆறாவது மனு. இதுவரை எல்லாம் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு. இது வேறு. பீர் முகமது, வயது 46. துபாயில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். சக்கர நாற்காலி. வாசலின் மூன்று கல்படியை உடைத்து சிமென்ட் சரிவு போட வேண்டுமாம்.

விதி 7: தெருவைப் பார்த்த படி, தூண், கதவு எதையும் மாற்றக் கூடாது. வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியது நான்.

ஜூன் 11, புதன்

நேரில் போனேன். அவர் மனைவி ஜமீலா டீ கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போவாவ மேடம். இப்ப போறதில்ல."

ஏன் என்றேன். பீர் முகமதுதான் சொன்னார்: "பீரோவத் தூக்குத மாதிரி தூக்குதாவ. 'செவுத்துல இடிச்சிராதலே'ன்னு ஒருத்தன். போதும்னுட்டேன்."

ஒன்றரை வருடமாக வாசல் இறங்கவில்லை. டாக்டர்கூட வீட்டுக்குத்தான்.

அளவுகள்:
படி ஒவ்வொன்றும் 6 அங்குலம். மொத்தம் ஒன்றரை அடி.
கொல்லைக் கதவின் அகலம் 23 அங்குலம். நாற்காலி 25.
வாசல் முகப்பின் வடக்கு ஓரம். தெற்கே சுவர் 20 அடி.

படிகள் ஒற்றைக் கல், நடுவில் தேய்ந்து பள்ளம். உடைத்தால் திரும்ப வராது. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வெட்கம்தான்.

ஜூன் 13, வெள்ளி

கரண்ட் இல்லை. கையால் வரைந்தேன். இரும்புச் சட்டம், மேலே பலகை. சுவரை ஒட்டி, வாறுகால் சாக்கடையின் மூடிக்கு மேலே, தன் காலில் நிற்கும். கல்லில் ஓட்டை போட வேண்டாம். அடிக்கு ஒரு அங்குலம் என்றால் பதினெட்டடி. பொருந்துகிறது.

அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

முகப்பு விதிக் குழுக் கூட்டம். ஐந்து பேர். ஓய்வுபெற்ற என்ஜினியர் முதலிலேயே மறுத்தார்.

"ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வருவாவ. முகப்பு மறைஞ்சிரும். விதி உங்களோடதுதான?"

"என்னோடதுதான் சார். படி ஏறி இறங்குறவங்கள மட்டும் நினைச்சு எழுதிட்டேன்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்கள். விதி 7-இல் ஒரு வரி சேர்ந்தது: கட்டடத்தைத் துளைக்காமல், கழற்றக்கூடிய சரிவு வைக்கலாம். மூன்றுக்கு இரண்டு. என்ஜினியர் கையெழுத்துப் போட்டார், என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. சரிவு நேற்றே வந்துவிட்டது. போல்ட் இறுக்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பீர் முகமது வெள்ளைச் சட்டை, தொப்பி. பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் பிடிக்க வந்தார்.

"கையை எடும். நான் பாத்துக்கிடுதேன்."

மெதுவாகத் தானே இறங்கினார். பலகை லேசாக முனகியது, அவ்வளவுதான். தெருவுக்கு வந்ததும் நாற்காலியைத் திருப்பி, வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெகுநேரம்.

"மேடம், பால்கனியத் தாங்குத மரம் உளுத்துக் கிடக்கே. யாரும் பாக்கலையா?"

பார்த்தேன். உளுத்துத்தான் இருந்தது. என் கணக்கெடுப்பில் இந்த முகப்புக்கு 'நல்ல நிலை' என்று எழுதியிருக்கிறேன்.

"ஆசாரிக்கு போனப் போடு. தொழுதுட்டு வந்திருதேன்" என்று ஜமீலாவிடம் சொல்லிவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்.