தொரையின் தூண்டில் கம்பும் நான் வராத ஞாயிறும்

ஊசிமலைத் தோட்டம், மேல் லயம்,
நானுஓயா.
15.5.1963

அன்பு மகள் அம்மாக்கண்ணுவுக்கு அப்பா அழகுமுத்து சொல்ல, பக்கத்துக் காம்பரா வீட்டு ராசம்மாவின் மகள் நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. இங்கே நான் கைகால் சுகத்தோடு இருக்கிறேன், இருமல் மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க பேக்டரிச் சக்கரத்தைக் காக்கிற ரோதமுனி சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. சொல்றத மட்டும் எழுதுடி என்று பெரியப்பா மூன்று தரம் சொல்லிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு ரொம்ப வசதி.) போன ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். நீ துணிமணியைக் கட்டி வைத்துக்கொண்டு மன்னார் ஸ்டேஷனில் வந்து நின்றிருப்பாய், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்திருப்பாய், அதை நினைத்து நினைத்து இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. தாயில்லாத பிள்ளையை அப்பனும் மறந்துட்டான் என்று சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அவர்கள் மேல் குறையில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

லீவு கேட்டு நான் பங்களாவுக்குப் போனபோது தொர தன்னுடைய தூண்டில் கம்பைத் தூக்கிக் காட்டினார். தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களைப் பிடித்திருக்கும் நூல்கட்டெல்லாம் பிய்ந்து தொங்கியது. சிநேகிதர்களோடு பட்டிப்பொலை ஸ்டேஷனில் இறங்கி மலைக்கு மேலே இருக்கிற சமவெளி ஆற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகப் போகிறாராம். அழகுமுத்து, கம்பு முதல்ல, மக அப்பறம், முடிச்சுக் குடு, சீட்டுல கையெழுத்துப் போட்டுத் தாரேன் என்றார். எப்போதும் பூசுகிற வார்னிஷ் வேண்டாமாம், சீமையிலிருந்து புதிதாக ஈப்பாக்சி என்று ஒன்று வந்திருக்கிறதாம். பெரிய டின்னில் தேன் மாதிரி ஒரு பிசின், சின்ன டின்னில் மஞ்சளாக ஒரு எண்ணெய், மீன் கவிச்சி அடிக்கும். தனித்தனியாக இருந்தால் ரெண்டும் வருசக்கணக்கில் அப்படியே கிடக்கும், கலந்தால்தான் இறுகும். ரெண்டும் சமம், சமம் என்று தொர விரல் ரெண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினார். எனக்கு அது விளங்காமல் இல்லை. நூலைப் புதிதாகச் சுற்றி முடித்து, பால் டின் மூடியில் அதிலிருந்து ஒரு கரண்டி, இதிலிருந்து ஒரு கரண்டி என்று சரியாகத்தான் அளந்தேன். அளந்த அளவோடு நிறுத்தக் கை வரவில்லை அம்மாக்கண்ணு. பக்கீர் நானா பருப்பை நிறுத்துப் போட்டபிறகு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவாரே, அந்தக் கொசுறு மாதிரி சின்ன டின்னிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். குளிரில் இறுக நேரமாகுமே, கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும், ஞாயிறு ரயிலைப் பிடித்துவிடலாம் என்று அந்த நேரத்துப் புத்திக்குப் பட்டது.

பூசுகிறபோது கம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசின் ஒரு பக்கமாக இறங்கித் தொங்கிவிடும் என்பது உனக்குத் தெரியாததா. வார்னிஷ் காலத்தில் அந்தச் சுற்று வேலை உன்னுடையது. இந்தத் தரம் வலது கையில் தூரிகை, இடது கையில் கம்பு என்று நானே சுற்றினேன். இடது கை உன் கையாகுமா. கூடப் போட்டதால் பிசின் இறுகவே இல்லை, மறுநாள் தொட்டுப் பார்த்தால் ஒட்டியது, அதற்கு மறுநாளும் ஒட்டியது. (ஈப்பாக்சி என்று பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்திருக்கிறான், முதலில் வந்து ஒட்டியது ஈதான். பிறகு எங்கள் பூனையின் மயிர், அடுப்புச் சாம்பல், என் தாவணி நுனி.) சனிக்கிழமை தொர தானே லயத்துக்கு வந்து பார்த்து, காஞ்சிருச்சா என்று பெருவிரலால் அழுத்தினார். விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. (நம்ம ஆளுகளை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கைநாட்டு வாங்குகிற தொர எங்கள் காம்பரா வாசலில் வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போனார் என்று நான் சொன்னதற்கு லயமே சிரித்தது, பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.) தொர ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. திரும்பச் செய் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுதிக் கொண்டுவந்த லீவுச் சீட்டை மடித்து ஜோபியிலே போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு ரயில் அதோடு போயிற்று.

நூலையெல்லாம் பிளேடால் கீறி எடுத்தேன். கம்பைத் துடைத்து முதலிலிருந்து நூல் கட்டினேன். இந்தத் தரம் சமத்துக்குச் சமம், ஒரு சொட்டும் கூடுதல் இல்லை. குமிழி விழாமல் ஈர்க்குச்சியால் மெதுவாகக் கலக்கி, டின் மூடியைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கி, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து பூசினேன். கம்பைச் சுற்றியவள் இந்த நாகலெட்சுமி. (சும்மா சுற்றினால் கை வலிக்கும் என்று ஆராரோ ஆரிரரோ பாடிக்கொண்டே சுற்றினேன் அக்கா, தூண்டிலுக்குத் தாலாட்டுப் பாடியவள் இந்த ஜில்லாவிலேயே நான்தான். வெளாட்டுத்தான். பெரியப்பா தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் பாட்டை நிறுத்திவிட்டேன்.) அது கண்ணாடி மாதிரி இறுகியது. நேற்றுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தொர வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாளைக்கே ரயில் ஏறலாம் என்று ஓட்டமும் நடையுமாக வந்தால் மாப்பிள்ளை முத்துலிங்கத்தின் கடிதம் வந்து கிடக்கிறது. உனக்குக் கால் வீங்கியிருக்கிறது, இனிமேல் ரயிலில் ஏற்றவே கூடாது என்று மருத்துவச்சி திங்கட்கிழமை சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தால் நீ இந்நேரம் இங்கே இருப்பாய். இந்தப் பெண் இதைப் படித்துக் காட்டியபோது இன்னொரு தரம் படி என்றேன். படித்தாள், அதேதான் இருந்தது.

நான் மட்டும் புறப்பட்டு வரலாம், சீட்டுக் கையில் இருக்கிறது. வந்து என்ன செய்யப் போகிறேன், வாசலில் உட்கார்ந்து பீடி குடிப்பேன். பிள்ளை பெறுகிற நேரத்தில் உன் தலைமாட்டில் நம்ம ஆள் ஒன்று இருக்க வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரிந்த கை வேண்டும். ஆகையால் இன்று காலை திரும்பவும் பங்களாவுக்குப் போய், என் பேரை அடித்துவிட்டு ராசம்மா பேரைப் போட்டுக் கொடுங்க தொர என்று கேட்டேன். தேயிலைக் கொழுந்துக் காலத்தில் லயத்தில் ஒரு ஆளுக்குத்தான் லீவு, ரெண்டு பேருக்குக் கேக்காத என்றார். ரெண்டு பேருக்குக் கேட்கவில்லை, அவங்க மட்டும் போகட்டும் என்றேன். எழுதிக் கொடுத்தார். ராசம்மாவிடம் சொன்னதும், எம் மகளா இருந்தாப் போகமாட்டேனா அண்ணே, இதக் கேக்கணுமா என்று இப்போதே சுக்கு, பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். (எங்க அம்மா புறப்பட்டுவிட்டால் ரெண்டு காம்பராவுக்கும் ஒரே அடுப்பு, சமையல் நான். பெரியப்பா உப்பில்லை என்று சொல்லமாட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.) சனிக்கிழமை இங்கே ஏறுகிறார்கள். அவர்கள் ஹட்டனைத் தாண்டிப் போனதில்லை, பொல்கஹவெலையில் ரயில் மாற வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனில் வந்து நிற்கச் சொல். காலைத் தொங்கப் போட்டு உட்காராதே. கிணற்றில் தண்ணீர் இறைக்காதே. சம்பந்தியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசு, ராசம்மாவும் அவர்களும் ஒரு வார்த்தை கூடக் குறையப் பேசினாலும் நீ நடுவில் போகாதே. உனக்காகக் காம்பராவின் உள்மூலையைக் கூட்டி மெழுகி, காற்று வராமல் சாக்குக் கட்டி வைத்திருந்தேன். இனிச் சும்மாதானே கெடக்கு அண்ணே, மழைக்கு முன்ன வெறக அங்க அடுக்கிருங்க என்று ராசம்மா சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். விறகு இன்னும் வெளியில்தான் நனைகிறது.

ஆணோ பெண்ணோ, தாயும் பிள்ளையும் ரெண்டு உயிராக நல்லபடி எழுந்தால் போதும். மாரியாத்தா உன் பக்கத்தில் இருப்பாள். பிள்ளை பிறந்த அன்றைக்கே கடிதம் போட மாப்பிள்ளைக்கு ஞாபகப்படுத்து, யாருடைய சாடை என்று ராசம்மாவை நன்றாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
சோ. அழகுமுத்து

(அக்கா, விறகை நானும் அந்த மூலையில் அடுக்கமாட்டேன். நாகலெட்சுமி.)