பதினேழாம் எண்

9-7-79, திங்கள்
ஆம்பூர் பெண்கள் பள்ளியில் ஆராய்ச்சியின் முதல் சுற்று முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது பேர். இந்த வயதுப் பிள்ளைகளின் அவசரபுத்தியையும் துணிச்சலையும் அளக்க எங்கள் ஆஸ்பத்திரி மனநல டாக்டர் தேவானந்தம் தந்த முப்பது கேள்விகளை நான்தான் தமிழில் எழுதினேன். யோசிக்காமல் பேசிவிடுவாயா? தெரியாத ஊருக்குத் தனியாகப் போக ஆசையா? 'ஆம்', 'இல்லை' போட்டால் போதும்.
"பேர் வேணாம், நம்பர் போதும். யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றேன். உட்கார்ந்த வரிசைப்படி எண் கொடுத்தேன்.

12-7-79
பதினேழாம் எண்ணுக்கு இருபத்தேழு 'ஆம்'. மற்றவர்கள் பத்தைத் தாண்டவில்லை. ஓரத்தில் பென்சிலால், 'காட்பாடி ரயில்ல கதவாண்ட நின்னு போயிருக்கேன். காத்து மூஞ்சில அடிச்சுது. இன்னொரு வாட்டி போவணும்.'
பார்க்காமலே அவளைப் பிடித்துவிட்டது.

16-7-79
நன்றி சொல்லப் போன இடத்தில் தலைமை ஆசிரியை டீ கொடுத்தார். "எங்க பொண்ணுங்க எப்டிம்மா கிருபா?"
"பதினேழாம் நம்பர்தான் மேடம், பயங்கரத் துணிச்சல்!" ரயில் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.
"பதினேழா... உக்காந்த வரிசைதான? மூணாவது பெஞ்சு. சகீனா." டீயை வைத்துவிட்டார்.

20-7-79
சகீனாவின் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

24-7-79
வீட்டில் அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கே போனேன். அப்பா மஹபூப் பாஷா, தோல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கைகள் முழங்கை வரை சாயம்.
"அடங்காத பொண்ணுன்னு ஆஸ்பத்திரியிலயே எழுதிட்டீங்க. இனிமே எப்டிம்மா அனுப்பறது?"
"அப்டி இல்லீங்க, அது ஆராய்ச்சிக்கு—"
"நம்பர் போட்டது நீங்கதான?"
உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "யாருக்கும் காட்ட மாட்டேன்னீங்களே மேடம்." கோபம்கூட இல்லை அதில்.
ஏண்டி கிருபா உளறுன? யார் கேட்டா உன்ன?

3-8-79
டாக்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாஷா எங்களுக்கு நாற்காலி போட்டார், மரியாதையாகப் பேசினார். "பாக்கலாம் சார்" என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

8-10-79
இரண்டாம் சுற்று. முப்பத்தொன்பது பேர். சகீனா வீட்டிலேயே ஷூவுக்குத் தோல் தைக்கிறாளாம்.
ஐந்தே நிமிடத்தில் எல்லாரும் எழுதி முடித்துவிட்டார்கள். முன் பெஞ்சுப் பெண்ணிடம், "கேள்வியப் படிச்சுப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.
"பாத்தேன் மேடம்." தலை நிமிரவில்லை. "எல்லாத்துக்கும் இல்லன்னு போடுன்னு எங்கம்மா சொல்லிச்சு."
அறைக்கு வந்து 'ஆம்'களைக் கூட்டினேன். முப்பத்தொன்பது தாளிலும் சைபர்.