ரோடு போட மறுத்தவர்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பாப்பா பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் நம் ஜனங்களைப் 'பிறவித் திருடர்கள்' என்று நடத்தினார்களாமே! பெற்றவள் நான் இங்கே ஜெயிலில் இருக்க, என் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும், பாவம்.

இங்கே சனிக்கிழமைதோறும் வகுப்பு நடக்கிறது. முதல் நாள் டீச்சர் வந்ததும் நாங்கள் பழக்கதோஷத்தில் ஜோடி ஜோடியாகக் குந்திவிட்டோம். கணக்கெடுப்புக்கு அப்படித்தான் உட்கார வேண்டும். எனக்கு ஜோடி இல்லை என்று டீச்சரும் என் பக்கத்தில் வந்து குந்திவிட்டார். வார்டர் எண்ணினாள், ஒன்று கூடுகிறது! "எவடி அது?" என்று அவள் கத்த, டீச்சர் கையைத் தூக்க, சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. அப்புறம் டீச்சர் சொன்னார்: "இப்படிக் குந்த வெச்சு எண்ணுறது வெள்ளைக்காரன் ஆரம்பிச்சது. அவன் போயிட்டான், நாம இன்னும் எழுந்திருக்கல."

பாப்பாவின் பாடத்தைப் பற்றியும் கேட்டேன். வெள்ளைக்காரனுக்குக் கூலியில்லாமல் ரோடு போட மாட்டோம் என்று நம் ஜனங்கள் மறுத்தார்களாம். அந்த ஆத்திரத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, நம்மைப் பிறவித் திருடர்கள் என்று அதிலேயே எழுதிவிட்டான், படுபாவி. வேலை பார்த்த வீட்டில் வளையலை எடுத்தது நான். அந்தப் பழி என்னோடு போகட்டும். பிள்ளையின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் படித்தால் போதும்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 15

என் வாயாடி நாத்தனாருக்கு,

தையல் வேலை குவிந்துவிட்டது, தாமதத்துக்குத் திட்டாதே. உன் அண்ணன் சுகம்.

கடிதத்தைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் யூனிஃபார்மில் நிற்கிறாள்! வகுப்பில் எழுந்து, "அது தப்பு சார், ரோடு போட மாட்டோம்னு சொன்னதுக்குத்தான் அப்படி எழுதினாங்க" என்றாளாம். "யாரும்மா சொன்னது?" "எங்கம்மா. ஜெயில்ல படிக்கிறாங்க." சார் என்னைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னார். விசாரித்துத்தான் இனி அந்தப் பாடத்தை நடத்துவாராம்.

இரண்டு வருஷமாகப் பள்ளியில் என்னைத்தான் அம்மா என்று சொல்லிவந்தாள், தெரியுமா? பள்ளி வாசலில் அப்படியேதான் கூப்பிடுவாள். இப்போது உன்னைச் சொல்லிவிட்டாள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். ஆனாலும் வழியெல்லாம் அவளை அணைத்துக்கொண்டேதான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் வருகிறாள். தானாகவே கேட்டாள்.

அண்ணி

மார்ச் 24

அண்ணி,

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். எவ்வளவு வளர்த்திருக்கிறீர்கள்! என் தோளுக்கு வந்துவிட்டாளே!

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் "அம்மா" என்றதும், "என்னடா" என்று நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். நீங்கள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டீர்கள். ஏன் அண்ணி? அன்றிலிருந்து அது ஒன்றுதான் மனதை அறுக்கிறது.

நான் வெளியே வந்த பிறகும் அவள் அப்படிக் கூப்பிட்டால் நீங்களும் திரும்பிப் பார்க்க வேண்டும். மாட்டேன் என்றால் நான் அந்த வீட்டுக்கு வர மாட்டேன், சொல்லிவிட்டேன்.

உங்கள் வாயாடி