இவளுக்கு எதுக்கு லீவு?

மார்ச் 4

என் செல்லப் பேராசிரியைக்கு,

உன் மாமா நூறு யானை பலத்தோடு எழுதுவது. கடிதம் கண்டேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை, வகுப்பை நினைத்தாலே குமட்டுகிறது, டாக்டர் இரண்டு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார், துறைத்தலைவரிடம் லீவு கேட்டிருக்கிறேன் என்றெல்லாம் புலம்பியிருந்தாய். அடி போடி! நான் லாரி ஓட்டின காலத்தில் ஒரு கண் தூங்கும், மறு கண் ரோட்டைப் பார்க்கும். எஞ்சின் சூடானால் நிறுத்தவே கூடாது, ஓட ஓடத்தான் ஆறும். விஞ்ஞானம்!

அதனால் நேற்று நானே உன் கல்லூரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், இவளுக்கு எதுக்கு லீவு? காய்ச்சலோட பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கினவ. ரெண்டு ஆள் வேலையைப் போடுங்க, சிரிச்சுக்கிட்டே செய்வா" என்று ஒரு போடு போட்டேன். மனுஷன் அசந்துபோனார். இனி உன் காட்டில் மழைதான்!

உன் பெருமைக்காகவே வாழும்
மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் வந்துபோன மறுநாளே லீவு இல்லை என்றாகிவிட்டது. "உங்க மாமாவே சொல்லிட்டாரேம்மா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் தலைவர். பிரசவ லீவில் போன இன்னொரு பேராசிரியையின் வகுப்புகளும் விடைத்தாள் கட்டுகளும் இப்போது என் தலையில். அவர் எழுந்து நின்றது உங்களுக்காக இல்லை மாமா, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

இது சோம்பல் இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராத அலுப்பு. பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் அறையத் தோன்றுகிறது. விடைத்தாளைப் படிக்காமலே மதிப்பெண் போடுகிறேன். விழுவதற்கு முன்னால் நிறுத்து என்றுதான் டாக்டர் சொன்னார். தலைவரிடம் போய், தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மா போனபிறகு எனக்காகப் பேச உங்களை விட்டால் ஆளில்லை.

உங்கள் அக்கா மகள்


ஏப்ரல் 10

என் தங்கத்துக்கு,

பாடம் நடத்தும்போதே பேச்சு நின்றுபோய், பிள்ளைகள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதைக் கேள்விப்பட்டேன். கவலையை விடு. உனக்குப் பெரிய விருது வந்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் மயங்கிவிட்டாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். ஆளாளுக்கு மிட்டாய் கேட்கிறார்கள்.

நீ கேட்டபடி தலைவரையும் பார்த்தேன். ஆனால் சொன்ன வாக்கை நானே மாற்றினால் குடும்ப மானம் என்னாவது? "எழுந்து வந்ததும் மூணு ஆள் வேலை செய்வா சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று உன்னைப் பார்க்க வந்தால், வாசலில் காவலாளி விடமாட்டேன் என்கிறான். "தாய்மாமன்டா நான்! இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் ஏத்திவந்தவனே நான்தான்" என்றேன். மசியவில்லை. டாக்டரிடம் சொல்லி அவன் சீட்டைக் கிழி. ஞாயிற்றுக்கிழமை தலைவரையும் கையோடு கூட்டி வருகிறேன்.

உன்னைத் தூக்கி நிறுத்தப்போகும்
மாமா


ஏப்ரல் 13

மாமாவுக்கு,

காவலாளியைத் திட்டாதீர்கள். யாரைப் பார்க்க ஆசை என்று நர்ஸ் கேட்டார். யாருமில்லை என்றேன். உள்ளே விடக்கூடாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். இரண்டு பேரைச் சொன்னேன்.

தலைவரை இரண்டாவதாகத்தான் சொன்னேன்.