இரண்டாவது மிஷின்

31 ஜனவரி 2005, திங்கள்

ஷூ கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம். இன்று ஜி.எம். அருணகிரி கூப்பிட்டார். "கிளஸ்டர் புது வெர்ஷன் போட்டாச்சுன்னா சிஸ்டம் ரூம்ல ஒரு ஆள் போதும் ஜெஸ்டன். யாருன்னு அப்புறம் பாக்கலாம்."

இருப்பதே இரண்டு பேர். நான், முக்தார் பாய். நான் பி.இ. அவர் டைப்பிஸ்டாக வந்து, மேனுவல் படித்துப் படித்து இருபது வருடத்தில் சிஸ்டம் ஆள் ஆனவர். இதில் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

பாயிடம் எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

2 பிப்ரவரி, புதன்

டேட்டாபேஸுக்கு சர்வர் இரண்டு, டிஸ்க் ஒன்று. ஒன்று படுத்தால் மற்றது டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டும் தொடாமல் காவல் இருப்பது கிளஸ்டர் சாஃப்ட்வேர். பழையதை இரண்டிலும் கழற்றிவிட்டுத்தான் புதியது. இவ்வளவுதான். இதைப் பாய் மூன்று முறை சொல்கிறார்.

"பத்து நிமிஷ வேலை பாய்."

"பத்து நிமிஷம்தான் தம்பி. கெட்டுச்சுன்னா பத்து நாள்."

4 பிப்ரவரி, வெள்ளி

ஆம்பூரில் வெள்ளிதான் லீவு. கம்பெனி காலி. எங்களோடு டேட்டா என்ட்ரி அக்தர் பானு மட்டும், கடைசியில் பதிவுகளைச் சரிபார்க்க. முதல் மிஷினில் பழைய கிளஸ்டரைக் கழற்றி, டேட்டாபேஸைக் கையால் ஓட்டிப் பார்த்தபோது பன்னிரண்டரை. பாய் ஜும்ஆவுக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது மிஷின்ல கை வெக்காதே. டிஸ்க் கேபிளைப் புடுங்கிட்டுத்தான் கழட்டணும். நான் வந்துர்றேன்."

ஒன்றே கால் வரை உட்கார்ந்திருந்தேன். தொழுகை முடிந்தாலும் நாலு பேரிடம் பேசாமல் வர மாட்டார். கேபிளைப் பிடுங்காமலே கழற்றினேன். ரீபூட் ஆகி எழுந்ததுமே டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டது. முதல் மிஷினும் அதே டிஸ்க்கில். ஒன்றின் மேல் ஒன்று எழுதி — போச்சு. டேட்டாபேஸ் திறக்கவே இல்லை.

ஏன் தானா புடிச்சுது? எவன் என்ன போட்டு வெச்சான்? ஸ்டார்ட்டப் ஃபைலில் ஒரு லைன், மிஷின் எழுந்ததும் டிஸ்க்கை எடுக்கச் சொல்லி. 2001-இல் கிளஸ்டர் மக்கர் செய்தபோது தற்காலிகமாகப் போட்டது. கிளஸ்டர் இருந்தவரை அதை வேலை செய்ய விடவில்லை. பக்கத்தில் பாயின் பெயர்.

வியாழன் பேக்கப் டேப் இல்லை. எடுக்க வேண்டியவன் நான். புதன் டேப்பைப் போட்டோம். ஒரு நாள் என்ட்ரி முழுக்கக் காணோம், இரண்டு கன்டெய்னரின் பேக்கிங் லிஸ்ட் உட்பட.

பாய் திட்டவில்லை. "சாப்டியா?" என்றார். எரிச்சலாக இருந்தது.

5 பிப்ரவரி, சனி

பானுவின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வியாழக்கிழமை ஜாப் கார்டுகளை மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள். "உன்னைப் பத்தி ஜி.எம். எங்கிட்டதான் கேப்பார்" என்று மட்டும் சொன்னேன். கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

7 பிப்ரவரி, திங்கள்

பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் இரண்டு கன்டெய்னரும் கப்பலைத் தவறவிட்டன. ஜி.எம். அறையில் விசாரணை.

"அந்த லைன் யார் போட்டது?"

"நான்தான் சார்" என்றார் பாய். "அதனாலதான் கை வெக்காதேன்னு தம்பிகிட்ட சொல்லிட்டுப் போனேன்."

"சொன்னாரா ஜெஸ்டன்?"

"இல்ல சார்."

வாய் தவறி வந்தது என்று எழுதலாம். இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"பானு இருந்துச்சு சார். கேளுங்க" என்றார் பாய்.

பானு வந்தாள். "எனக்கு இன்னா தெரியும் சார். நான் ஸ்க்ரீனைப் பாத்துட்டு இருந்தேன்."

பாய் அவளைப் பார்த்தார். "பரவால்லம்மா, போ."

10 பிப்ரவரி, வியாழன்

பாயிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

14 மார்ச், திங்கள்

புதிய கிளஸ்டர் போட்டு நாலு நாள். இரண்டு முறை காரணமே இல்லாமல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. மேனுவலில் இல்லை. பாய்க்குப் போன் போட்டேன். போடக் கூடாதுதான். வேற யார் இருக்கா?

"ரெண்டு மிஷினுக்கு நடுவுல போற கேபிளை மாத்திப் பாரு தம்பி. ரொம்ப நாளா லூஸ் அது."

மாற்றினேன். நின்றது. நானே கண்டுபிடித்ததாக ஜி.எம்.மிடம் சொன்னேன்.

31 மார்ச், வியாழன்

பானுவை நீட்டிக்கலாமா என்று ஜி.எம். கேட்டார். "தேவையில்ல சார்." அவள் முகத்தைத் தினமும் பார்க்க முடியாது.

12 ஏப்ரல், செவ்வாய்

பாய் கேட்டருகே நின்றிருந்தார். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம். அனுபவச் சான்றிதழ் வேண்டும். சிஸ்டம் டிபார்ட்மென்ட் எழுதி ஜி.எம். கையெழுத்துப் போட வேண்டும். டிபார்ட்மென்ட் இப்போது நான்.

"இருபது வருசம்னு மட்டும் போடு தம்பி. வேற ஒண்ணும் வேணாம். பதினஞ்சுக்குள்ள கேக்கறாங்க. வூட்ல ரெண்டு மாசமா பேஜார்."

"பாக்கறேன் பாய்."

13 ஏப்ரல், புதன்

எழுதினேன். ஜி.எம். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

16 ஏப்ரல், சனி

பாய் நேற்று மட்டும் மூன்று முறை போன் செய்தார். ஜி.எம். ஊரில் இல்லை என்றேன். இன்று செய்யவில்லை.

சான்றிதழ் என் டிராயரில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் சேர்ந்துவிட்டால், வேலை நேரத்தில் என் போனை எடுத்துப் பதில் சொல்வாரா? அடுத்த வெர்ஷன் ஜூலையில் வருகிறது.