மூன்று ராணி, இரண்டு ஏழு

18 ஒக்டோபர் 1953, ஞாயிறு

மழை. வளவெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். இங்கினியாகலை அணைக்கட்டு வேலை முடிந்து இவர் வீட்டோடு வந்து ஒன்பது நாள். ஸ்டோர் கிளாக்கராக மூன்று வருடம் இருந்தவர் கொண்டுவந்த சொத்து ஒரு தகரப்பெட்டி, இரண்டு காற்சட்டை, ஓர் அமெரிக்க போர்மன் கொடுத்த சீட்டுக் கடதாசிக் கட்டு. போக்கர் என்று ஓர் ஆட்டமாம். ஆளுக்கு ஐந்து கடதாசி. பிடிக்காததை ஒரு தரம் மாற்றலாம். எவ்வளவும் பந்தயம் வைக்கலாம், எல்லையே இல்லை.

பக்கத்து வீட்டு றாபியா ராத்தாவும் அவ புருஷன் பளீல் மச்சானும் வந்தார்கள். வயல் விதைத்தாயிற்று, மச்சானுக்கும் வேலையில்லை. ராத்தா பயந்தா. “இது ஹறாம் இல்லையா?”

“காசு வெச்சாத்தானே ஹறாம்? புளியங்கொட்டைக்கு என்ன?” என்றார் மச்சான்.

ஆளுக்கு அறுபது கொட்டை, சிரட்டையில்.

20 ஒக்டோபர்

மூன்று ராசா வந்தது! இருந்த கொட்டை எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளினேன். மூன்று பேரும் பயந்து கடதாசியைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். மூன்று ராசாவுக்கு நான் வென்றது, தொடக்கத்தில் அவர்கள் ஆளுக்கொன்றாக வைத்த மூன்றே மூன்று கொட்டை. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

25 ஒக்டோபர், ஞாயிறு

இன்று வேறு புத்தி. மூன்று ஆசு கையில். பூனை மாதிரி இருந்து ஒரேயொரு கொட்டை வைத்தேன். அந்த மலிவு விலைக்கு மச்சான் இரண்டு கடதாசி மாற்றி ஐந்தையும் ஒரே இனமாக்கிவிட்டார்; அது மூன்று ஆசுக்கும் மேல். அது தெரியாமல் நானே நாற்பதைக் கொண்டுபோய்க் கொட்டினேன். நல்ல கை வந்தால் தோற்கமாட்டோம் என்று யார் எனக்குச் சொன்னது?

படுக்கப்போகுமுன் இவர் சொன்னார்: “நல்ல கை வந்தா சும்மா பார்க்க உடாத. விலை கேளு. அவனுக்கு நோகணும், ஆனா ஓடக்கூடாது.”

26 ஒக்டோபர்

தேங்காய் துருவும்போதும் அதே யோசனை. நோகணும், ஓடக்கூடாது. விரலைத் துருவிக்கொண்டேன்.

1 நவம்பர், ஞாயிறு

இன்று ஆட்களைப் பார்த்தேன், கடதாசியைக் கொஞ்சமாகத்தான் பார்த்தேன். ராத்தாவிடம் ஐந்துக்கு மேல் கேட்டால் ஓடிவிடுவா. இவர் மனதுக்குள் கணக்குப் போட்டு, சரிவந்தால் மட்டும் போடுவார். மச்சானோ பதினைந்தைக் கேட்டாலும் விடமாட்டார், கேட்பது நான் என்றால். மச்சி என்று கூப்பிடும் என்னிடம் தோற்க அவருக்கு மனசு வராது. ஆக, ஒரே கைக்கு மூன்று விலை. தொண்ணூறு கொட்டையோடு எழும்பினேன்.

இன்னொன்று. நல்லது வந்தால் நான் முக்காட்டை இழுக்கிறேனாம். இவர் காதுக்குள் சொன்னார். சரி, இனி வராவிட்டாலும் இழுப்பேன்.

8 நவம்பர், ஞாயிறு

ஆட்டம் இல்லை.

ராத்தா குசினியில் இருந்து அழுதா. அவ மகள் ஸம்ஸியாவுக்குப் பதின்மூன்று. இந்த வருடத்தோடு ஊர்ப் பள்ளிக்கூடம் முடிகிறது. ஜனவரியில் கல்முனைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் – வகுப்பில் முதலாவது வந்த பிள்ளை. “வயசுக்கு வரப்போற புள்ள ரோட்டால போறதா? போதும் படிச்சது” என்று மச்சான் முடித்துவிட்டாராம்.

எனக்கும் இதே வயதில்தான் போதும் என்றார்கள். அன்று நான் அழவில்லை, ஏனென்று இப்போதும் தெரியவில்லை. இவள் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

12 நவம்பர்

மச்சானிடம் நேரே போய்க் கேட்டேன். கேட்டேனா? கத்தினேன். பிள்ளையின் கெட்டித்தனம், ராத்தாவின் கண்ணீர், என் எட்டாம் வகுப்பு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். “என்ட மவள்ட விசயத்துல நீ கதைக்காத மச்சி” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று ராசாவை வைத்து மூன்று கொட்டை வென்ற அதே நதீராதான் நான்!

15 நவம்பர், ஞாயிறு

மழை மச்சானைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்று கையில் ஒன்றுமேயில்லாமல் முக்காட்டை இழுத்து இழுத்துப் பன்னிரண்டு கொட்டை வைத்தேன். மச்சான் பிடித்துவிட்டார். “வெறுங்கை! வெறுங்கையோட இந்த நடிப்பு!” வளவே கேட்கச் சிரித்தார்.

சிரிக்கட்டும். பன்னிரண்டு கொட்டை எனக்குப் பெரிதில்லை.

22 நவம்பர், ஞாயிறு

ஒழுங்காக எழுதுகிறேன்.

அஸர் தொழுகைக்கு முன்பு. இரண்டு ராணி, இரண்டு ஏழு வந்தது. நாலு வைத்தேன். ராத்தா கவிழ்த்தா, இவரும் கவிழ்த்தார். மச்சான் எட்டாக்கினார். போட்டேன். அவர் இரண்டு மாற்றினார். அப்படியென்றால் கையில் மூன்று ஒரே மாதிரி. நான் ஒன்று மாற்றினேன்.

ராணி. மூன்றாவது ராணி. மூன்றும் இரண்டும் சேர்ந்த கைக்கு முன்னால் வெறும் மூன்று நிற்காது.

எல்லாவற்றையும் தள்ளு என்றது கை. தள்ளவில்லை. முக்காட்டை இரண்டு தரம் இழுத்துவிட்டுப் பத்து வைத்தேன்.

மச்சானின் மீசை துடித்தது. “போன கிழமை மாதிரியா மச்சி?” என்று சிரட்டையைக் கவிழ்த்தார். அவரிடம் இருந்தது முப்பத்தொன்று, எல்லாம் வந்தது. அதைப் போட்டு, மேலே நாற்பதை வைத்தேன்.

“ஒங்களுக்கிட்ட இல்லையே மச்சான். உட்டுருங்க.”

“உடுறதா? நானா? என்ன வேணும், கேளு!”

“கொட்டை வேணாம். ஸம்ஸியா பெரிய பள்ளிக்கூடம் போற எண்டு ஒரு சொல்லு வெய்யுங்க.”

ராத்தா என் கையைக் கிள்ளினா. மச்சான் தன் கடதாசியை மீண்டும் பார்த்தார்.

“நான் வெண்டா?”

“இந்தக் கதையை இனி நான் வாயில எடுக்கமாட்டன்.”

“வெச்சன்!” மூன்று ஆசுக் கடதாசியையும் பாயில் அடித்தார்.

நான் ஒவ்வொன்றாக வைத்தேன். ஏழு. ஏழு. ராணி. ராணி. ராணி.

தொழுத பிறகுதான் பயம் வந்தது. பிள்ளையின் படிப்பைக் கொண்டுபோய்ப் பாயில் வைத்தேனே? நாலாவது ஆசு அவரிடம் வந்திருந்தால்? வந்திருக்கலாம்தானே. யா அல்லாஹ்.

23 நவம்பர்

காலையிலேயே வந்தார். முற்றத்தில் நின்றே சொன்னார்: “யோசிச்சுப் பார்த்தன் மச்சி. கடதாசி ஹறாம். ஹறாமான விளையாட்டுல சொன்ன சொல்லு செல்லாது.”

புளியங்கொட்டைக்கு என்ன என்று கேட்ட அதே வாய்! இவர் உள்ளே பாயில் முகத்தைப் புதைத்துச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்தா வீட்டுப் பக்கம் போக வெட்கமாக இருக்கிறது.

27 நவம்பர், வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்வந்த இவர் செய்தி கொண்டுவந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு எங்கள் குடியிலிருந்து புதிய மரைக்காயர் வேண்டுமாம். பளீல் மச்சானின் பெயரைச் சொல்லியிருக்கிறார்களாம். அடுத்த வெள்ளி முடிவாகுமாம்.

ஓ.

29 நவம்பர், ஞாயிறு

இரண்டு நாள் பொறுத்தேன். நேற்றே ஓடிப்போய்க் கத்தியிருந்தால் எழும்பிப் போயிருப்பார், பிறகு என்ன வந்தாலும் வளைந்திருக்கமாட்டார்.

தேத்தண்ணி கொடுத்தேன். “மச்சான், நீங்க சொன்னது சரிதான். ஹறாமில சொன்ன சொல்லு செல்லாது.”

மகிழ்ந்துபோனார். “பார்த்தியா?”

“ஓம். ஆனா எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பள்ளிவாசல்ல தொழுவிக்கிற லெவ்வைட பொஞ்சாதி நாளைக்கு வாறா. அவட்ட சொல்லி லெவ்வைக்கிட்டக் கேப்பம் எண்டு பார்க்கிறன்.”

“என்னத்தைக் கேக்கப் போற?”

“ஒருத்தர் ஆறு கிழமை கடதாசி விளையாடி, அதுல ஒரு சொல்லு குடுத்தா, அதைக் காப்பாத்தணுமா எண்டு. பேர் சொல்லமாட்டன் மச்சான்.”

அதோடு நிறுத்தினேன். வெள்ளி, மரைக்காயர் – ஒரு வார்த்தையில்லை. சீனி போதுமா என்று மட்டும் கேட்டேன்.

கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினார். வாசலில் திரும்பினார். “லெவ்வைக்கு ஆயிரம் வேலை. அவரை ஏன் கரைச்சல்படுத்துற? சொல்லு சொல்லுதான்.” இரண்டு அடி வைத்து: “கூடு போட்ட வண்டில்லதான் போகணும்.”

“ஓம் மச்சான்.”

“திரை போட்டு.”

“ஓம் மச்சான்.”

4 டிசம்பர், வெள்ளி

மச்சான் மரைக்காயர் ஆகிவிட்டார். ராத்தா தொதல் கிண்டினா. ஸம்ஸியா என் பக்கத்தில் இருந்து நாலு துண்டு சாப்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும்.

17 ஜனவரி 1954, ஞாயிறு

மழை விட்டு வெயில். பின்வாசலில் மச்சான், கையில் ஸம்ஸியாவின் கொப்பி. நான் நிற்பதைக் கண்டும் காணாததுபோல் இவரிடம் போனார்.

“மசூர், எழுத்தையும் எழுத்தையும் எப்பிடிக் கூட்டுற?”

“அட்சரகணிதம் மச்சான். ஏன்?”

“டீச்சர் பிழையாப் படிப்பிக்காவோ எண்டு பார்க்கத்தான்.”

இரண்டு பேரும் பாயில் குந்தினார்கள். இவர் சொல்லச் சொல்ல மச்சான் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறார், அழிக்கிறார், திரும்ப எழுதுகிறார். அஸருக்குப் பாங்கு சொன்னது. இவர் எழும்பினார். மரைக்காயர் எழும்பவில்லை.

“மச்சான், பாங்கு” என்றேன்.

“கேட்டுது மச்சி. இரு, ஒரு கணக்கு மிச்சம்.”