சொடக்குப் போடும் முன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை, நானேதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், வரி மேலும் கீழுமாகப் போகும். பொறுத்துக்கொள். வாத்தியார் புத்தியில் சிவப்புப் பேனாவை மட்டும் எடுத்துவிடாதே.

இங்கே நலம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனால் மாலை வகுப்புக்குப் போனதிலிருந்து தெருவே புதிதாகத் தெரிகிறது. வங்கிக் கதவில் "இழுக்கவும்" என்று எழுதியிருக்கிறதடா! இத்தனை வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டு நின்றேன். காவலாளி ஏன் சிரித்தான் என்று இப்போதுதான் புரிகிறது. காலமெல்லாம் பெயர்ப்பலகைக்கு அடிவண்ணம் பூசினேன், மேலே எழுத வேறு ஆள் வருவான். இப்போது நான் பூசிய பலகைகளைத் தேடிப்போய் வாசிக்கிறேன். ஒன்று பல் வைத்தியர், ஒன்று செருப்புக்கடை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

உன் வாத்தியார் நண்பர்கள் சாப்பிட வந்த அன்று, எனக்கும் நாலு எழுத்து சொல்லிக்கொடேன் என்று உன்னிடம் கேட்டேன். இரண்டு எழுத்து காட்டினாய். முதலாவது என்ன என்று திருப்பிக் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் சொடக்குப் போட்டுவிட்டாய். "வர்றவனுக்கு உடனே வரும்ப்பா, வராதவனுக்கு மண்டைய உடைச்சாலும் வராது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது இன்னும் கசக்கிறது.

எங்கள் டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் வராதாம். ஒருநாள் ஒரே எழுத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த சலவைக்கார அம்மா, "தாத்தா தூங்கிட்டாரா பாருங்க டீச்சர்" என்றாள். டீச்சர் திரும்பாமலே, "அவரு வந்துகிட்டே இருக்காரு, இருங்க" என்றார். வந்து சேர்ந்தேன்.

மருமகள் போனில் அழுதாள். என் பேத்தி குட்டிக்குப் படிப்பு ஏறாது, இந்த வருஷத்தோடு நிறுத்தித் தையலுக்கு அனுப்பப் போகிறேன் என்றாயாமே. உன் வகுப்பிலேயே அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாயாம். "எனக்குத் தெரியும்மா, அப்பா சொடக்குப் போட கையத் தூக்கினதும் மறந்துடுது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதவா இந்த வயதில் இவ்வளவு பாடுபட்டேன்? கோபம்தான். எனக்குச் செய்ததை விட்டுத்தள்ளு. வேலை, சம்பாத்தியம், உன் அம்மா எல்லாம் போன பிறகு எனக்கு எழுத்து வந்தது. அதை வைத்துக்கொண்டு பலகை வாசிக்கிறேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான். அவளும் என்னைப் போல மெதுவாக வருகிறவள். அது என்னிடமிருந்து வந்த குறை என்றால் என்னைத் திட்டிக்கொள், அவளை நிறுத்தாதே. உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் குட்டி பெயருக்குத் தனியாக எழுதுகிறேன். உறையை நீ பிரிக்காதே, வாசித்தும் காட்டாதே. எத்தனை நாளானாலும் அவளே வாசிக்கட்டும். அவள் வாசிக்கும்போது நீ பக்கத்து அறையில் இரு.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அப்பா